வீட்டைச் சுத்தம் செய்ய நிறுவனத்தை அழைத்தால்: வேலை யாருடையது, பொறுப்பு யாருடையது?

2025 மார்ச் மாதத்தில் அர்பன் கம்பெனி நிறுவனம், பதினைந்து நிமிடங்களுக்குள் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவை ஒன்றை மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது. மணிக்கு 49 ரூபாய் என்ற அறிமுகக் கட்டணமும், ‘மெய்ட்’ என்ற சொல்லும் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாகவே, பெயர் ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாறியது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. செயலி வழியாக வேலை பார்ப்பவர்களைப் பற்றிய பிரிவுகளும் அவற்றில் உண்டு.

இவ்விரு செய்திகளுக்கும் இடையில், சென்னையிலும் கோவையிலும் வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்களும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தவர்களும் ‘டீப் கிளீனிங்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் சில உண்டு. வந்து வேலை செய்கிறவர் யாருடைய ஊழியர்? தரை கெட்டுப்போனால் யாரிடம் கேட்பது? பணம் கொடுத்தும் ஃபேன் இறக்கையில் ஒட்டடை அப்படியே இருந்தால் அது ஏமாற்றா, ஒப்பந்தத்தில் இல்லாத வேலையா? இக்கேள்விகளுக்கான விடைகள் விளம்பரத்தில் கிடைக்காது. ஏற்பாட்டின் வகை, கறையின் தன்மை, சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவை தெளிவாகும்.

மூன்று வகை ஏற்பாடுகள்

வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சுத்தம் செய்வது என்பது பார்வைக்கு ஒரே வேலைதான். சட்டத்தின் கண்ணில் அது மூன்று வெவ்வேறு உறவுகளாகப் பிரிகிறது.

1. நேரடி வேலை. மாதச் சம்பளத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ, பண்டிகைக்கு முன் ஒட்டடை அடிக்க அழைக்கப்படும் ஆளோ இந்த வகையில் வருவார்கள். என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது வீட்டுக்காரர். துடைப்பமும் பினாயிலும் வாங்கி வைப்பதும் அவரே.

2. நிறுவன ஒப்பந்தம். ஒரு நிறுவனம் வேலையை மொத்தமாக ஏற்றுக்கொண்டு, தன் ஆட்களையும் இயந்திரங்களையும் சூப்பர்வைசரையும் அனுப்புகிறது. வீட்டுக்காரருக்கும் வேலை செய்கிறவருக்கும் இடையில் நேரடி ஒப்பந்தம் கிடையாது. எந்த முறையில் வேலை நடக்க வேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது.

3. செயலி ஏற்பாடு. விலை, நேரம், மதிப்பெண், புகார் எல்லாம் செயலியிடம் இருக்கும். வேலை செய்கிறவர் தனித்தொழில் செய்யும் ‘பார்ட்னர்’ என்றும், தாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே என்றும் இத்தகைய செயலிகளின் விதிமுறைகள் பொதுவாகக் கூறும்.

ஆள் அனுப்பும் ஏஜென்சி என்று நான்காவதாக ஒன்றைச் சிலர் சொல்வார்கள். ஏஜென்சி கமிஷனை வாங்கிக்கொண்டு ஆளை அறிமுகப்படுத்திவிட்டு விலகிக்கொண்டால், அது முதல் வகைதான். வேலையின் முடிவுக்கு ஏஜென்சியே பொறுப்பேற்றுப் பில் கொடுத்தால் இரண்டாம் வகை. பலகையில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, பில் யார் பெயரில் வருகிறது என்பதைப் பார்ப்பது நல்லது.

நுகர்வோர் சட்டம் எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘சேவை’ என்பதற்குத் தரும் வரையறையில் இரண்டு விலக்குகள் உள்ளன. இலவசமாகச் செய்யப்படுவது சேவை ஆகாது. தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தின் கீழ் செய்யப்படுவதும் சேவை ஆகாது. இந்த இரண்டாவது விலக்கின் பொருளை உச்ச நீதிமன்றம் 1995இல், மருத்துவர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்களா என்ற புகழ்பெற்ற வழக்கில் விளக்கியது. எசமானர், பணியாள் என்ற உறவில், எசமானரின் கட்டளைப்படி வேலையும் வேலை முறையும் அமையும்போது அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம். தன் அறிவையும் திறமையையும் கொண்டு ஒருவர் தானே முறையைத் தீர்மானித்து வேலையை முடித்துக் கொடுத்தால் அது சேவைக்கான ஒப்பந்தம் என்பது அந்தத் தீர்ப்பில் கிடைக்கும் வேறுபாடு. மருத்துவருக்காகச் சொல்லப்பட்ட விளக்கம் துடைப்பத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதிலிருந்து பின்வரும் விளைவுகள் பிறக்கின்றன.

1. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் கை தவறிப் பூச்சாடியை உடைத்துவிட்டால், நுகர்வோர் ஆணையத்தில் அவர்மீது வழக்குப் போட முடியாது. அங்கே வீட்டுக்காரர் நுகர்வோராக இல்லை, வேலை கொடுத்தவராக இருக்கிறார்.

2. நிறுவனம் அனுப்பிய ஆள் அமிலத்தை ஊற்றிப் பளிங்குத் தரையைக் கெடுத்துவிட்டால், அது சேவைக் குறைபாடு. நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். ‘அந்தப் பையன் புதுசு சார்’ என்பது விடை ஆகாது.

3. செயலியைப் பொறுத்தவரை, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இணைப்பவர்கள் மட்டுமே என்ற வாசகம் இந்தக் கடமையைப் போக்கிவிடாது. சேதத்துக்கான முழுப் பொறுப்பும் செயலியினுடையதா என்பது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும், விலையையும் வேலை முறையையும் செயலி எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தியது என்பதையும் பொறுத்து அமையும்.

புகார் செய்வதற்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டுகள். இவை அனைத்தும் பில் இருந்தால்தான் சுலபம். பில் இல்லாமல் ஜிபேயில் யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பிய பணத்தை வைத்துக்கொண்டு, ‘இந்த நிறுவனம்தான் வேலை செய்தது’ என்று நிறுவுவது பெரும்பாடு.

‘டீப் கிளீனிங்’ என்பதற்கு என்ன பொருள்

சட்டத்தில் இதற்கு வரையறை எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்துக்கு அது அலமாரிகளின் உட்புறம் வரை. இன்னொரு நிறுவனத்துக்கு அலமாரிக் கதவின் வெளிப்புறத்தோடு சரி. ஆகவே சண்டைகளில் பெரும்பகுதி தரத்தைப் பற்றியதாக இல்லாமல் எல்லையைப் பற்றியதாக இருக்கிறது.

ஃபேனைப் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இறக்கையின் அடிப்பக்கத்தைத் துடைப்பது ஒரு வேலை. ஏணி போட்டு ஏறி, மேல்பக்கத்தில் எண்ணெய்ப்பிசுக்கோடு கெட்டிப்பட்டிருக்கும் கருப்புப் படிவைச் சுரண்டி எடுப்பது வேறு வேலை. சமையலறையை ஒட்டிய ஹாலில் ஓடும் ஃபேன் என்றால் ஒரு ஃபேனுக்கே இருபது நிமிடம் பிடிக்கும். இரண்டையும் ‘ஃபேன் கிளீனிங்’ என்ற ஒரே வரியில் எழுதிவிட முடியும். எழுதியும் விடுகிறார்கள்.

வேலை தொடங்குமுன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பெற வேண்டிய விவரங்கள்:

1. அலமாரி, லாஃப்ட், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் உட்புறம் சேர்ந்ததா. பொருள்களை இறக்கி மீண்டும் ஏற்றுவது யார்.
2. ஜன்னல் கண்ணாடி உட்பக்கம் மட்டுமா, வெளிப்பக்கமுமா, கொசுவலை கழற்றப்படுமா.
3. சிம்னியின் ஃபில்டர் மட்டுமா, மோட்டார்ப் பகுதியுமா.
4. புது வீடு என்றால் பெயின்ட் துளி, சிமென்ட் கறை, மரவேலையின் பசை ஆகியவை நீக்கப்படுமா. இவை அன்றாட அழுக்கிலிருந்து முற்றிலும் வேறானவை என்பதால் நேரமும் கருவியும் வேறுபடும்.
5. எத்தனை ஆட்கள், எத்தனை மணி நேரம். இயந்திரம், ஏணி, ரசாயனம் யாருடையவை.

பட்டியலுக்கு வெளியே, வேலை முடிந்த பிறகு பார்வையிடுவதற்கு என்று பகல் வெளிச்சம் உள்ள அரை மணி நேரத்தை ஒதுக்குவது புத்திசாலித்தனம். மாலை ஏழு மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும் ஓடுகள் மறுநாள் காலை வெயிலில் வேறு கதை சொல்லும். சேதம் பற்றிய புகாரை ஓரிரு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பல நிறுவனங்களின் விதிமுறைகளில் இருப்பதால், தள்ளிப்போடவும் கூடாது.

கறையும் தரையும்: அடிப்படை வேதியியல்

வீட்டுக்காரர்கள் மிகக் குறைவாக விசாரிப்பதும், மீட்க முடியாத இழப்பைத் தருவதும் இந்தப் பகுதிதான்.

வீட்டு அழுக்குகளை மூன்று இனங்களாகப் பிரிக்கலாம். எண்ணெய்ப்பிசுக்கு ஒன்று, அதற்குக் காரத்தன்மை உள்ள திரவம் வேண்டும். உப்புக்கறை மற்றொன்று, அதற்கு அமிலம் வேண்டும். தூசி, பூஞ்சை, உயிர்க்கறைகள் மூன்றாவது. அவற்றுக்குச் சோப்பும், தேவைப்பட்டால் பிளீச்சும் போதும். ‘எல்லாக் கறைக்கும் ஒரே லிக்விட்’ என்று சொல்கிற ஆள், பெரும்பாலும் கையில் வைத்திருப்பது அமிலமாகத்தான் இருக்கும்.

குளியலறைச் சுவரில் வெள்ளைத் திட்டாகப் படிவது என்ன? போர் தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள், நீர் ஆவியானபின் கார்பனேட்டாகத் தங்கிவிடுகின்றன. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லாத இடங்களில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்திருக்கிறது. பல தெருக்களின் போர் தண்ணீர் இந்த மேல்வரம்பையும் தாண்டும் தன்மையது. அத்தகைய வீட்டில் இன்று நீக்கிய படிவு சில வாரங்களில் திரும்பி வரும். அதைச் சேவையின் குறை என்று சொல்வது நியாயமாகாது. நீரின் குணம் அது.

இந்தப் படிவின்மேல் அமிலம் பட்டதும் நுரை பொங்கும். கார்பனேட்டு உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே அந்த நுரை. நுரையைப் பார்த்ததும் ‘அழுக்கு கழன்று வருகிறது’ என்று மகிழ்வது நம் வழக்கம். அடியில் இருப்பது மெருகிட்ட பீங்கான் ஓடாக இருந்தால் மகிழ்ச்சி சரிதான். பளிங்காக இருந்தால், பொங்குவது தரையேதான். ஏனெனில் பளிங்கும் கால்சியம் கார்பனேட்டு.

எந்தப் பரப்பு எதைத் தாங்கும் என்பதை நம் வீடுகளில் உள்ளவற்றைக் கொண்டே பார்க்கலாம்.

1. விட்ரிஃபைடு டைல். நீரை அரை விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாத அளவுக்கு இறுகச் சுடப்பட்டது. நீர்த்த அமிலத்தைத் தாங்கும். ஆனால் இரண்டு டைல்களுக்கு நடுவில் நிரப்பியிருக்கும் சிமென்ட் பூச்சு தாங்காது. அது அரிக்கப்பட்டு இடுக்கு உண்டானால், குளியலறை நீர் டைலுக்கு அடியில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டாக வெளிப்படும். அடுக்ககங்களில் அசோசியேஷன் கூட்டம் வரை போகும் கசிவுச் சண்டைகளில் சிலவற்றுக்குத் தொடக்கம் ஒரு பாட்டில் அமிலம்.

2. கடப்பாக் கல். சமையலறைத் தட்டுகளிலும் பழைய வீட்டு மேடைகளிலும் உள்ள இந்தக் கருங்கல், பெயருக்குத்தான் கருங்கல். இனத்தால் அது சுண்ணாம்புக் கல். எலுமிச்சைச் சாறு பட்டாலே வெளிறும். கோட்டா கல்லும் இந்த இனமே.

3. கிரானைட். குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்தது. சாதாரண அமிலத்துக்கு அசையாது. துருக்கறை நீக்கும் சில திரவங்களில் உள்ள ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டும் கிரானைட்டையும் கண்ணாடியையும் மங்கச் செய்துவிடும். அது தோல்வழி ஊடுருவி உடலுக்குள் தீங்கு செய்யும் கொடிய பொருள் என்பதால், வீட்டுக்குள் அதை அனுமதிக்காமல் இருப்பதே நல்லது.

4. ஆத்தங்குடிக் கல்லும் சிவப்பு ஆக்சைடு தரையும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகைமேல் நிறக்கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் சேர்த்து, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. சிவப்புத் தரையும் இரும்பு ஆக்சைடு கலந்த சிமென்ட்தான். இரண்டின்மீதும் அமிலம் படவே கூடாது. தேய்ப்பு இயந்திரத்தின் முரட்டுப் பட்டையும் ஆகாது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பல தலைமுறைகளாகத் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் துணியுமே இந்தத் தரைக்குப் போதுமானவையாக இருந்து வந்திருக்கின்றன. நகரத்திலிருந்து இயந்திரத்தோடு வருகிறவருக்கு இது தெரியும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

5. குழாய்களும் சிம்னியும். குரோமியம் பூசிய குழாய்களின் பூச்சை அமிலம் உரித்துவிடும். சிம்னியின் அலுமினிய ஃபில்டரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால், எண்ணெய் போவதோடு அலுமினியமும் கரைந்து கருத்துப்போகும்.

கடைகளில் கிடைக்கும் கழிப்பறைத் திரவங்களில் சுமார் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். சில்லறையில் ‘ஆசிட்’ என்று விற்கப்படுவது அதைவிட வீரியமானது. அமில வீச்சுக் கொடுமைகளை அடுத்து 2013இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குப் பதிவேடு, அடையாள அட்டை முதலிய கட்டுப்பாடுகளை விதித்தது. லேபிள் இல்லாத பாட்டிலில் மஞ்சள் திரவத்தோடு வரும் குழு, எதைப் பயன்படுத்துகிறது என்று கேட்கப்பட வேண்டிய குழு.

இதைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று உண்டு. அமிலமும் பிளீச்சும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் நச்சுவாயுவாகத் திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். கழிப்பறைத் திரவத்தை ஊற்றிவிட்டு, அது கழுவப்படுவதற்குமுன் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது பல வீடுகளில் நடக்கும் காரியம். ஜன்னலில்லாக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சோடு அம்மோனியா சேர்ந்தாலும் குளோரமின் என்னும் நச்சு வாயு எழும். ஒன்றை நன்றாகக் கழுவி, காற்றோட்டம் விட்டு, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

கிருமிநீக்கப் புகையடிப்பு என்று கூடுதல் கட்டணத்தில் விற்கப்படுவதைப் பற்றி ஒரு சொல். கொரோனாக் காலத்தில், 2020 மே மாதத்திலேயே, அறைக்குள் பரப்புகளின்மீது கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் வழக்கமான முறையாகத் தான் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறிவிட்டது. அழுக்கின்மேல் படியும் கிருமிநாசினி அழுக்கோடு நின்றுவிடும். துடைப்பதுதான் வேலை; புகை காட்சிக்கு உதவும்.

விலை எப்படி உருவாகிறது

கணக்குக்காக ஒரு வீட்டுக்கு வரி உள்பட 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்யும் சேவைக்குப் பொதுவான ஜிஎஸ்டி விகிதம் 18 விழுக்காடு. ஆகவே 763 ரூபாய் வரி. எஞ்சுவது 4,237 ரூபாய். மூன்று பேர் ஆறு மணி நேரம் உழைத்தால் 18 ஆள்மணி. ஆள்மணிக்கு ஏறத்தாழ 235 ரூபாய். இதிலிருந்து கூலி, போக்குவரத்து, ரசாயனம், இயந்திரத் தேய்மானம், சூப்பர்வைசர், செயலியின் கமிஷன், நிறுவனத்தின் இலாபம் அனைத்தும் வர வேண்டும். அதே வீட்டுக்கு இன்னொருவர் 2,500 ரூபாய் சொன்னால், அவர் வரி கட்டவில்லை, அல்லது இரண்டே பேரை மூன்று மணி நேரம் அனுப்பப்போகிறார், அல்லது கூலியில் கைவைக்கிறார். நான்காவது வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சிறு குழுக்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அது முறைகேடு ஆகாது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியே வசூலிப்பதுதான் முறைகேடு. பதிவு எண்ணில் 15 இலக்கங்களும் எழுத்துகளும் இருக்கும். தமிழ்நாட்டில் பெற்ற பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுப் பெயரைச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

வேலை செய்ய வருகிறவரின் நிலை

தமிழ்நாட்டில் வீட்டு வேலை செய்வோருக்கு, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தனி நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென ஒரு வாரியத்தை மாநில அரசு 2023 டிசம்பரில் அமைத்தது. ஒன்றிய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020, செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காடு அதன் உச்சவரம்பு. செயலித் தொழிலாளியை ‘ஊழியர்’ என்று இத்தொகுப்பு அறிவிக்கவில்லை. நல உதவிக்கு உரியவர் என்று மட்டுமே ஏற்கிறது. வழக்கமான ஊழியருக்குரிய வருங்கால வைப்புநிதி போன்றவை தாமாக அவருக்கு வந்துவிடாது.

நிறுவனத்தின் நேரடி ஊழியர் என்றால் நிலை வேறு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்துக்குள் வரும் நிறுவனத்தில், மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ளவருக்கு ஈஎஸ்ஐ உண்டு. ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. ‘உங்கள் ஆட்களுக்கு ஈஎஸ்ஐ அல்லது விபத்துக் காப்பீடு இருக்கிறதா?’ என்று வீட்டுக்காரர் கேட்பது இரக்கத்தினால் மட்டும் எழும் கேள்வி எனக் கொள்ள வேண்டியதில்லை. காப்பீடு இல்லாத ஒருவர் தன் வீட்டில் விழுந்தால், முதல் ஆட்டோவைப் பிடிக்கப்போவதும் மருத்துவமனையில் முன்பணம் கட்டப்போவதும் தானே என்பதை அவர் அறிவார்.

இன்னொரு சட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, ‘பணியிடம்’ என்பதில் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்திருக்கிறது. சுத்தம் செய்ய வரும் பெண்ணுக்கு வாடிக்கையாளரின் வீடு சட்டப்படி பணியிடமே.

வருகிறவரின் பின்னணியைப் பற்றிய கவலை வீட்டுக்காரர் தரப்பில் இருப்பதும் இயல்பு. வீட்டுப் பணியாளர் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணச் சேவை இருக்கிறது. நிறுவனங்கள் ‘வெரிஃபைடு’ என்று போட்டுக்கொள்வது காவல்துறைச் சரிபார்ப்பையா, ஆதார் நகல் வாங்கி வைத்துக்கொண்டதையா என்று கேட்டால், பதில் பெரும்பாலும் சிறிது தயங்கித்தான் வரும்.

சுத்தம் செய்யும் நிறுவனத்திடம் கேட்கக் கூடாத வேலைகள்

‘வந்ததோடு வந்தீர்கள், அதையும் பார்த்துவிடுங்கள்’ என்று பேச்சோடு பேச்சாகச் சேர்க்கப்படும் வேலைகளில்தான் உயிரிழப்பு நேர்கிறது.

1. மாடி ஜன்னலின் வெளிப்பக்கம். சன்ஷேடில் இறங்கி நின்று துடைக்கச் சொல்வது, பாதுகாப்புக் கயிறும் பயிற்சியும் இல்லாதவரை மூன்றாம் மாடி விளிம்பில் நிறுத்துவதாகும். அதற்கென்று கயிற்றில் இறங்கி வேலை செய்யும் குழுக்கள் தனியே உள்ளன.

2. சம்ப். நிலத்தடி நீர்த்தொட்டி குடிநீருக்கானதுதானே என்று எண்ணி ஆளை இறக்குகிறார்கள். நாள்கணக்கில் மூடிக்கிடக்கும் தொட்டியில், அழுகும் வண்டலும் துருவும் ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கக்கூடும். நீரை வெளியேற்ற எரிபொருள் பம்பை உள்ளேயே வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடும் சேரும். மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றோட்டம் கொடுத்து, உள்ளே இறங்குபவருக்குக் கயிறு கட்டி, மேலே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால், காப்பாற்றுவதற்காக அடுத்தவர் அப்படியே குதிப்பது இரண்டாவது சாவுக்கு வழி.

3. கழிவுநீர்த் தொட்டி. கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும் நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்யக் கூடாது என்று சட்டம் சொல்வதால், வீட்டுக்காரரும் அதற்குள் அடங்குவார். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இவ்வாறு இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று வகுத்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

கழிவுநீர்த் தொட்டிக்கு முறையான வழி, உரிமம் பெற்ற உறிஞ்சு லாரி. அதற்கு 14420 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம். லாரி வந்த பிறகும், அடியில் தங்கிய கசடை எடுக்க ஓர் ஆளை இறக்கட்டுமா என்று ஓட்டுநர் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சச் சொல்ல வேண்டும்.